குட்டி நீராவி எஞ்சினின் கொதிகலன் குழாய்களை மாற்றிய பதிவும் கிரிஃபித் பூங்கா ரயிலின் வரலாறும்

தெற்குக் கலிபோர்னியாவில் தொண்டர்கள் நடத்தும் குட்டி ரயில் பாதைகளில் ஓடுவதற்காக 1970களில் கட்டப்பட்ட ஒரு நீராவி எஞ்சினின் கொதிகலன் குழாய்களை முழுவதுமாக மாற்றிய வேலையை இங்கே பதிவு செய்கிறேன். எஞ்சின் அசலில் எட்டில் ஒரு பங்கு அளவுடையது. முன்னால் நான்கு சிறு சக்கரங்களும் அவற்றுக்குப் பின்னால் நான்கு உந்து சக்கரங்களும் கொண்ட 4-4-0 வகை. எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் தம் வீட்டு லேத்திலேயே கடைந்து கட்டியது. முதுமை காரணமாக அவரால் ஓட்ட முடியாமல் போன பிறகு நெடுங்காலம் தார்ப்பாயின் கீழ் கிடந்து, அவருடைய குடும்பத்தாரிடமிருந்து என்னிடம் வந்து சேர்ந்தது. கொதிகலனின் உடல் எஃகு, விட்டம் 8 அங்குலம். உள்ளே முக்கால் அங்குல விட்டமும் 24 அங்குல நீளமும் உள்ள 16 செப்புக் குழாய்கள். பின்னாலுள்ள நெருப்பறையின் சூடான புகை இவற்றுக்குள் ஓடி முன்னாலுள்ள புகையறைக்குப் போகும்; குழாய்களைச் சுற்றி நிற்கும் நீர் அந்தச் சூட்டில் கொதிக்கும். வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு.

குழாய் மாற்றுவதை மட்டும் எழுதினால் பட்டறைக் குறிப்பாக நின்றுவிடும். ஒரு பொழுதுபோக்கு எஞ்சினுக்குச் சங்கம் ஏன் இத்தனை சோதனைகளையும் கையெழுத்துகளையும் கேட்கிறது என்பதற்கான விடை இந்த ரயில்கள் வந்த வழியில் இருக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிரிஃபித் பூங்கா, 1896ஆம் ஆண்டில் கிரிஃபித் ஜே. கிரிஃபித் என்பவர் நகரத்துக்குத் தானமாக வழங்கிய 3,015 ஏக்கர் நிலத்திலிருந்து உருவானது. அந்தப் பூங்காவின் வடபகுதியில், 1952இல் திறக்கப்பட்ட டிராவல் டவுன் ரயில் அருங்காட்சியகத்துக்கு அண்டையில், 1956இல் தொடங்கப்பட்ட லாஸ் ஏஞ்சலஸ் லைவ் ஸ்டீமர்ஸ் என்ற சங்கத்தின் ஏழரை அங்குலப் பாதை, அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஏழரை அங்குலம் உள்ள பாதை, இருக்கிறது. பாதை போடுவது, சிக்னல் பொருத்துவது, ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளை ஏற்றி ஓட்டுவது என எல்லாவற்றையும் உறுப்பினர்களே ஊதியமின்றிச் செய்கிறார்கள். இந்தச் சங்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வருவது வால்ட் டிஸ்னியின் பெயர்தான். அதில் தவறில்லை, ஆனால் அந்தப் பெயரோடு நின்றுவிடுகிறவர்கள் வரலாற்றின் பயனுள்ள பகுதியைத் தவறவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

டிஸ்னி 1948இல், தம் நிறுவனத்தின் ஓவியரும் ரயில் பித்தருமான வார்ட் கிம்பலுடன் சிகாகோ ரயில் கண்காட்சிக்குப் போய் வந்தார். அடுத்த ஆண்டில் அவருடைய படப்பிடிப்பு நிலையப் பட்டறையில், ரோஜர் பிராகியின் மேற்பார்வையில், சென்ட்ரல் பசிபிக் ரயில்வேயின் 173ஆம் எண் எஞ்சினின் வரைபடத்தைப் பின்பற்றி எட்டில் ஒரு பங்கு அளவில் ஓர் எஞ்சின் கட்டப்பட்டது. மனைவி லில்லியனின் பெயரால் அது 'லில்லி பெல்' ஆயிற்று. 1949 டிசம்பர் 24 அன்று படப்பிடிப்பு அரங்கத்துக்குள்ளேயே அது முதன்முறையாக நீராவியில் ஓடியது. ஹோம்பி ஹில்ஸ் பகுதியில் அவர் கட்டிய புதிய வீட்டின் தோட்டத்தில் 2,615 அடி நீளப் பாதை போடப்பட்டது. மனைவியின் பூந்தோட்டத்தைக் கெடுக்காமல் இருப்பதற்காக 90 அடிச் சுரங்கம் ஒன்றும் வெட்டப்பட்டது. உள்ளே நுழைபவருக்கு மறுமுனை தெரியக் கூடாது என்று அந்தச் சுரங்கத்தை வளைத்து அமைத்தார்கள். கரோல்வுட் பசிபிக் என்பது அந்த ரயிலின் பெயர். சரக்குப் பெட்டிகளின் மேல் விருந்தினர்கள் கால்களைத் தொங்கவிட்டு உட்கார, டிஸ்னி முன்னால் அமர்ந்து நிலக்கரி தள்ளினார்.

1953இல் அது நின்றுபோனது. விருந்தினர் ஒருவர் வேகமாக ஓட்டியபோது எஞ்சின் வளைவில் தடம் புரண்டு கவிழ்ந்தது. விசில் முறிந்து, அந்த ஓட்டை வழியாக நீராவி பீறிட்டது. அருகே இருந்த ஐந்து வயதுச் சிறுமிக்குச் சிறு காயங்கள் ஏற்பட்டன. டிஸ்னி உடனே ரயிலை நிறுத்தி எஞ்சினைப் பூட்டி வைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து டிஸ்னிலேண்டில் ஓடிய பெரிய எஞ்சின்கள் இதே லில்லி பெல்லின் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு பெரிதாக்கப்பட்டவை. தோட்டத்துப் பாதையின் பகுதிகள் கிரிஃபித் பூங்காச் சங்கத்துக்குப் போயின. தாம் சிறு வயதில் வளர்ந்த மிசௌரி மாநிலத்து மார்சலின் ஊரின் பழைய களஞ்சியத்தைப் போல அவர் கட்டியிருந்த பட்டறைக் கொட்டகை, லில்லியன் 1997இல் காலமாகி வீடு விற்கப்பட்ட பிறகு பிரித்தெடுக்கப்பட்டு, 1999 ஜூலையில் இந்தச் சங்கத்தின் வளாகத்திலேயே மீண்டும் நிறுத்தப்பட்டது. லில்லி பெல் இப்போது சான் பிரான்சிஸ்கோவில் உள்ள டிஸ்னி குடும்ப அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஒருவருடைய தோட்டத்து ரயில் ஒரு விபத்தோடு முடிந்துவிடுகிறது. பலர் சேர்ந்து நடத்தும் ரயிலோ விபத்திலிருந்து ஒரு விதியை எழுதிக்கொண்டு தொடர்ந்து ஓடுகிறது. கலிபோர்னியாவின் வடபகுதியில் லாஸ் காடோஸ் என்ற ஊரின் கதையும் இதற்கு உதாரணம். லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய வெனிஸ் கடற்கரைக் குட்டி ரயிலுக்காக 1905இல் அந்நகரிலேயே கட்டப்பட்ட 18 அங்குலப் பாதை எஞ்சின் ஒன்றை, ரயில்வே டிரைவரான பில்லி ஜோன்ஸ் 1939இல் வாங்கித் தம் பண்ணையில் குழந்தைகளுக்காக ஓட்டி வந்தார். அவர் 1968இல் இறந்தபோது அதுவும் சிதறிப் போயிருக்க வேண்டியது. ஊரார் கூடி நிதி திரட்டி வாங்கி, 1970இல் ஊர்ப் பூங்காவில் மறுபடி ஓடவிட்டார்கள். கைமாறும்போது எஞ்சினோடு சேர்ந்து அதைப் பராமரிக்கும் முறையும் கைமாறினால்தான் இப்படிப்பட்ட ரயில் பிழைக்கும்.

இனி வேலைக்கு வருகிறேன். எஞ்சின் வந்ததும் நெருப்பு மூட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, முதலில் கொதிகலனைத் தண்ணீரால் நிரப்பிக் கைப்பம்பு மூலம் அழுத்தம் ஏற்றினேன். 60 பவுண்டைத் தொடும் முன்பே நெருப்பறைப் பக்கத்தில், குழாய்களின் முனைகள் பொருந்தியிருக்கும் தகட்டில் நான்கைந்து குழாய்களின் வாயைச் சுற்றி நீர்த்துளிகள் கோத்துக்கொண்டு நின்றன. அதே இடங்களில் முன்பே வெள்ளைப் பொருக்கும் இருந்தது. கசிந்த நீர் நெருப்பில் வற்றி உப்பை விட்டுச் சென்ற தடம் அது. புகையறைப் பக்கம் ஒரு துளி கூட இல்லை. கசிவு ஒரே பக்கத்தில் இருந்ததே காரணத்தைக் காட்டிக் கொடுத்தது.

காரணம் எளிய கணக்கு. சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் நீர் கொதிக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 170 செல்சியஸ் பாகை. குளிர்ந்த நிலையிலிருந்து அந்த நிலைக்கு வருவதற்குள் வெப்பம் 150 பாகை உயர்கிறது. செப்பு எஃகைவிட அதிகம் நீளும்; 24 அங்குல நீளத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் அரை மில்லிமீட்டர். ஒவ்வொரு முறை நெருப்பு மூட்டும்போதும் 16 குழாய்களும் இரு தகடுகளையும் அரை மில்லிமீட்டர் தள்ளப் பார்க்கின்றன, ஆறும்போது இழுத்துக்கொள்கின்றன. புகையறைத் தகடு ஓரளவு ஒரே சூட்டில் இருப்பதால் தாங்கிக்கொள்கிறது. நெருப்பறைத் தகடோ ஒருபுறம் தீயையும் மறுபுறம் நீரையும் தாங்கி நிற்பது. நெருப்பறைக் கதவைத் திறந்து வைத்தால் குளிர்காற்றும் நேரே அதன்மேல்தான் அடிக்கும். பல ஆண்டுகள் அவசரமாக மூட்டி அவசரமாக அணைத்த எஞ்சினில் அந்தப் பக்கத்துப் பிடிதான் முதலில் தளரும். தளர்ந்தவற்றை மட்டும் மறுபடி விரித்துச் சமாளிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். குழாய்களின் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று தெரியாத நிலையில் அந்தச் சிக்கனத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

கழற்றும் வேலை வழக்கமானது. டிரைவர் அறைத் தகடுகள், கொதிகலனைச் சுற்றிய பித்தளைப் பட்டைகள், உறைத்தகடு, அதன் கீழ் இருந்த வெப்பக்காப்பு எல்லாம் வரிசையாக இறங்கின. அந்தக் காலத்து எஞ்சின்களில் வெப்பக்காப்பாக ஆஸ்பெஸ்டாஸ் வைத்திருக்கக்கூடும் என்பதால், கைவைக்கும் முன் ஒரு சிறு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பி, அது வெறும் பீங்கான் இழைதான் என்று உறுதி செய்துகொண்டேன். புகையறைக்குள் புகைபோக்கியின் அடிக்கூம்பு, கழிநீராவி வெளியேறும் மூக்கு, உலர்நீராவிக் குழாய் ஆகியவற்றைக் கழற்றிய பிறகு குழாய்களின் வாய்கள் வரிசையாகத் தெரிந்தன.

பழைய குழாயை வெளியே எடுக்க வேண்டுமானால் முதலில் அதன் பிடியைத் தகட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். குழாயின் வாய்க்குள் ஹேக்சா பிளேடின் ஒரு துண்டை நுழைத்து, தகட்டின் தடிமன் அளவுக்கு மட்டும், தகட்டைத் தொடாமல் ஒரு வெட்டு வெட்டினேன். பிறகு மழுங்கிய முனையுள்ள சிறு உளியால் வெட்டின் இரு ஓரங்களையும் உள்ளே மடித்தால் குழாய் சுருங்கித் தளர்கிறது. நெருப்பறைப் பக்கமிருந்து தட்டிப் புகையறை வழியாக உருவினேன். தகட்டின் ஓட்டையில் ஒரு கீறல் விழுந்தாலும் புதுக் குழாய் அந்த வழியே கசியும் என்பதால், முழு வேலையிலும் மிகுந்த பொறுமை கேட்டது இந்தக் கட்டம்தான். உருவிய குழாய்களை நெடுக்காகப் பிளந்து பார்த்தபோது, நெருப்பறை முனையிலிருந்து இரண்டு அங்குலத் தூரத்துக்கு நீர்ப்பக்கம் முழுவதும் சாம்பல் நிறப் படிவம் முட்டையோட்டின் தடிமனில் ஒட்டியிருந்தது.

அந்தப் படிவத்துக்கும் ஊரின் வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் முதலில் 1913இல் திறக்கப்பட்ட கால்வாய் வழியாக ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் மலைநீரைக் கொண்டுவந்தது; பின்னர் 1940களிலிருந்து இந்த வட்டாரத்துக்குக் கொலராடோ ஆற்று நீரும் வருகிறது. கொலராடோ நீர் கடினநீர். வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்து நேரே கொதிகலனில் ஊற்றினால் சுண்ணாம்பு படியத்தான் செய்யும். படிவம் வெப்பத்தைத் தடுப்பதால் அந்த இடத்தில் செப்பு தேவைக்கு மேல் சூடாகி மென்மையடைகிறது, பிடி இன்னும் விரைவாகத் தளர்கிறது. கொதிகலன் உடலுக்குள் இருந்த படிவத்தை நீக்க வெதுவெதுப்பான நீரில் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊற்றி வைத்தேன். நுரை அடங்கும் வரை எல்லாத் திறப்புகளையும் திறந்தே வைத்தேன். சுண்ணாம்பு கரையும்போது கரியமில வாயு வெளிவருகிறது, மூடிவிட்டால் அதுவே அழுத்தமாகிவிடும். பிறகு சோடா உப்பு நீரால் அமிலத்தை முறித்து, வெளியேறும் நீர் தெளியும் வரை அலசினேன். கழுவு துளைகள் வழியாகச் சிறு கேமராவை விட்டுப் பார்த்ததில் எஃகு உடலில் குழி அரிப்பு ஏதும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் வேலை அங்கேயே நின்று, முழுக் கொதிகலனையே மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

புதுக் குழாயின் அளவைத் தேர்ந்தெடுப்பதில் புதுமை செய்ய விரும்பவில்லை. குழாயின் நீளத்தை அதன் உள்விட்டத்தின் இருமடியால் வகுத்தால், அங்குலக் கணக்கில், 50க்கும் 70க்கும் இடைப்பட்ட எண் வர வேண்டும் என்பது குட்டி எஞ்சின் கட்டுவோரின் பழைய கணக்கு. குழாய் அதைவிடக் குறுகலானால் நெருப்பு மூச்சுத் திணறும், அகலமானால் சூடு நீருக்குள் இறங்காமல் புகைபோக்கி வழியே வீணாகும். முதலில் கட்டியவர் தேர்ந்தெடுத்த அளவில் உள்விட்டம் 0.652 அங்குலம், கணக்கு 56 என்று வருகிறது. கட்டியவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அதே அளவு, அதே சுவர்த் தடிமன் கொண்ட செப்புக் குழாயையே வாங்கினேன். 16 குழாய்களும் சேர்ந்து நீருக்குத் தரும் சூடேற்றும் பரப்பு ஆறு சதுர அடிக்குச் சற்றுக் கூடுதல்.

பல குழாய்கள் கொண்ட கொதிகலன் 1829இல் இங்கிலாந்தின் ரெயின்ஹிலில் நடந்த ரயில் எஞ்சின் போட்டியில் வென்ற ஸ்டீபன்சனின் 'ராக்கெட்' எஞ்சினிலேயே 25 செப்புக் குழாய்களோடு வந்துவிட்டது. ஆனால் குட்டி எஞ்சின்களில் அது வேலை செய்யாது, சாராய விளக்கில் சூடாக்கும் எளிய கொதிகலன்தான் சரிப்படும் என்று இங்கிலாந்தில் நெடுநாள் நம்பினார்கள். எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய லில்லியன் லாரன்ஸ், இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் ஓர் எஞ்சினை நிலக்கரியில் சூடாக்கிப் பெரியவர்களையே இழுக்க வைத்து 1920களில் அந்த நம்பிக்கையை உடைத்தார். அதன் பிறகு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1930களின் தொடக்கத்தில் இத்தகைய ஆர்வலர்கள் சங்கமாகக் கூடினார்கள். நிஜ நீராவியில் ஓட்டுவோர் என்ற பொருளில் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட 'லைவ் ஸ்டீமர்ஸ்' என்ற பெயரே இன்று பல சங்கங்களின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

குழாய்களை 24 அங்குலத்துக்கும் சற்றுக் கூடுதலாக வெட்டி, இரு முனைகளையும் மங்கிய சிவப்பு நிறம் வரும் வரை சுட்டுத் தண்ணீரில் முக்கினேன். எஃகாக இருந்தால் இப்படிச் செய்வது கடினமாக்கும். செப்பு இதனால் மென்மையாகிறது. மென்மையான முனைதான் தகட்டின் ஓட்டைக்குள் விரிந்து படியும். தகட்டு ஓட்டைகளின் உள்முகத்தை மெல்லத் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஓரங்களின் கூர்மையை மட்டும் நீக்கினேன். ஓட்டைகள் 0.760 அங்குலம், குழாய் 0.750, நூலிழை இடைவெளி.

குழாயை விரிக்கும் கருவியில் மூன்று சிறு உருளைகளும் நடுவில் கூம்பிய தண்டும் இருக்கும். தண்டைச் சுழற்றி உள்ளே தள்ளினால் உருளைகள் வெளிநோக்கி அழுந்தி, குழாயின் சுவரைத் தகட்டோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்க வைக்கும். எங்கே நிறுத்துவது என்பதே இதில் உள்ள கலை. முதலில் 0.010 அங்குல இடைவெளி மூட வேண்டும். அதற்கு மேல் சுவர் சுமார் நூற்றுக்கு ஆறு பங்கு மெலிய வேண்டும். அப்படிக் கணக்கிட்டு உள்விட்டம் 0.668 அங்குலம் வரும்போது நிறுத்துவதென்று முடிவு செய்தேன். அளவு மானியை ஒவ்வொரு சுழற்சிக்குப் பிறகும் விட்டுப் பார்த்தேன் என்றாலும், மூன்றாவது குழாய்க்குள் கை பழகிவிடுகிறது: முதலில் தண்டு இலகுவாகச் சுழலும், குழாய் ஓட்டையின் சுவரைத் தொட்ட கணத்தில் ஓர் இறுக்கம் வரும், அதற்குப் பிறகு கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. அதற்கு மேல் போனால் குழாய்க்கு எதுவும் நேராது. ஆனால் இரு ஓட்டைகளுக்கு இடையே உள்ள தகட்டின் குறுகிய பாலம் நீண்டு, பக்கத்து ஓட்டை வட்டம் இழந்துவிடும். அதனாலேயே ஒரு முனையிலிருந்து வரிசையாகப் போகாமல், நடுவில் தொடங்கி எதிரெதிராக வெளிநோக்கி நகர்ந்தேன். நெருப்பறைப் பக்கத்தில் குழாயின் மிச்ச முனையைத் தகட்டின் மேல் சுருட்டிவிட்டேன். தீயில் நீட்டிக்கொண்டிருக்கும் முனை எரிந்து போகும் என்பதோடு, சுருட்டிய விளிம்பு குழாயை நீளவாக்கிலும் பிடித்துக்கொள்கிறது.

அடுத்தது நீர்ச் சோதனை. எங்கள் சங்கத்தின் விதிப்படி வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது 150 பவுண்டு, கொதிகலன் ஆய்வாளர்கள் இருவரின் முன்னிலையில் அரை மணி நேரம் நிற்க வேண்டும். அவர்கள் வரும் முன் வீட்டிலேயே ஒரு முறை பார்த்துவிடுவது வழக்கம். அப்போது கோயம்புத்தூரிலிருந்து மாமனார் வந்திருந்தார். நூற்பாலை ஒன்றில் பாய்லர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பம்பு அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், மானியைக் கூடப் பார்க்காமல், "உள்ள காத்து நிக்குதுங்க மாப்ள. பம்பு கையில மெத்துன்னு இருக்குது பாருங்க" என்றார். உண்மைதான். நீராவிக் குவிமாடத்தின் உச்சியில் சிறிது காற்று தங்கியிருந்தது. மேலே இருந்த அடைப்பானைத் தளர்த்தி, நீர் மட்டும் வழியும் வரை காத்திருந்து இறுக்கியதும் பம்பு கல் மாதிரி ஆயிற்று. இரண்டே அடியில் முள் எகிறியது.

இந்த நுணுக்கம்தான் சோதனையின் உயிர். நீரை அழுத்திச் சுருக்க முடியாது. ஆகவே 150 பவுண்டில் ஏதாவது விட்டுக்கொடுத்தாலும் கொஞ்சம் நீர் சிந்துவதோடு அழுத்தம் விழுந்துவிடும். அதே இடத்தில் காற்று இருந்தால் அது வில்லாகச் சுருங்கி நின்று, விட்டதும் உலோகத்தை வீசியெறியும். நீராவியோ இன்னும் மோசம்: ஒரு லிட்டர் நீர் வெளிக்காற்றின் அழுத்தத்தில் சுமார் 1,600 லிட்டர் நீராவியாகும். குளிர்ந்த நீர் உலோகத்தின் மேல் வியர்வையாகப் படிந்து கசிவு போல ஏமாற்றும் என்பதால் அறைவெப்பத்துக்குச் சற்று மேலான நீரையே ஊற்றினேன். 150 பவுண்டில் இரண்டு குழாய்களின் ஓரத்தில் மெல்லிய ஈரம் தெரிந்தது. அழுத்தத்தை முழுவதும் இறக்கிவிட்டு அவற்றை ஒரு நூலளவு கூடுதலாக விரித்ததும் நின்றுவிட்டது. ஆய்வாளர்கள் தங்களுடைய சரிபார்த்த மானியைப் பொருத்தி, என் மானியோடு ஒப்பிட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக் கையெழுத்திட்டார்கள்.

விசிலில் மட்டும் மூலத்திலிருந்து விலகி ஒரு மாற்றம் செய்தேன். பழைய அமைப்பில் விசில் நேராகக் கொதிகலனின் மேலிருந்து, அதன் சொந்த வால்வைத் தவிர இடையில் வேறு எந்த அடைப்பும் இல்லாமல் நின்றது. எஞ்சின் கவிழ்ந்து விசில் முறிந்தால் கொதிகலன் காலியாகும் வரை யாராலும் நீராவியை நிறுத்த முடியாது; 1953இல் ஹோம்பி ஹில்ஸ் தோட்டத்தில் பீறிட்ட நீராவியும் முறிந்த விசிலின் வழியே வந்ததுதான். நான் விசிலைக் கீழே, சட்டத்தின் உட்புறம் மாற்றி, அதற்குப் போகும் குழாய்க்கு டிரைவர் அறையிலேயே ஒரு வால்வு வைத்தேன். தோற்றத்தில் அசலுக்கு முரண் என்று சிலர் முகம் சுளித்தார்கள். பின்னால் குழந்தைகளை ஏற்றி ஓட்டும் எஞ்சினுக்கு அந்த அளவு முரண் இருக்கலாம்.

நீராவிச் சோதனை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிக மெதுவாக, ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்து நெருப்பு மூட்டினேன். மேலே சொன்ன அரை மில்லிமீட்டர் கணக்குதான் காரணம். இரண்டு பாதுகாப்பு வால்வுகளும் 100 பவுண்டை ஒட்டித் திறந்தன. நெருப்பை முழு வீச்சில் எரியவிட்டு, நெருப்புக்குக் காற்றிழுக்கும் நீராவித் தாரையான ஊதியையும் திறந்து வைத்த நிலையிலும் அழுத்தம் 110ஐத் தாண்டக் கூடாது என்பது விதி, 104இல் நின்றது. நீர் ஏற்றும் வழிகள் இரண்டும், அதாவது நீராவியின் விசையாலேயே நீரைக் கொதிகலனுக்குள் தள்ளும் இன்ஜெக்டரும் சக்கர அச்சிலிருந்து இயங்கும் பம்பும், தனித்தனியே வேலை செய்ய வேண்டும். இன்ஜெக்டர் முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. நீர்மட்டக் கண்ணாடியை ஊதிவிட்டால் நீர் உடனே துள்ளி மேலேற வேண்டும். சோம்பலாக ஏறினால் துளையில் படிவம் அடைத்திருக்கிறது என்று பொருள்.

பாதைக்கு எடுத்துச் செல்லும் முன் சக்கரங்களின் உள்முக இடைவெளியையும் சரிபார்த்தேன். இந்தப் பொழுதுபோக்கில் வெளியாட்களுக்கு விளங்காத ஒரு பிரிவினை உண்டு: இங்கிலாந்திலும் வடகிழக்கு அமெரிக்காவிலும் ஏழேகால் அங்குலம், மேற்கு அமெரிக்காவில் ஏழரை. டிஸ்னியின் தோட்டப் பாதை ஏழேகால், கிரிஃபித் பூங்கா ஏழரை. தண்டவாளத்தைக் கழற்றி வேறு இடைவெளியில் போடலாம், எஞ்சினை அப்படி மாற்ற முடியாது. ஏழரை அங்குலப் பாதைக்குச் சக்கர உள்முக இடைவெளி 7.125 அங்குலம் இருக்க வேண்டும். என் எஞ்சினில் ஓர் அச்சில் மட்டும் அது சற்றுக் குறைந்திருந்தது. அழுத்தியில் வைத்துச் சக்கரத்தை நகர்த்திச் சரிசெய்தேன். பழைய உரிமையாளர் குறிப்பிட்ட ஒரு பாதை மாற்றியில் எஞ்சின் எப்போதும் ஒரு தட்டுத் தட்டிச் செல்லும் என்று எழுதி வைத்திருந்ததன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் ஓட்டம் சங்கத்தின் வேலை நாள் ஒன்றில், பயணிகள் இல்லாமல் நடந்தது. அன்று மற்றவர்கள் ஒரு வளைவில் உளுத்துப்போன ரெட்வுட் கட்டைகளை எடுத்துவிட்டு மறுசுழற்சிப் பிளாஸ்டிக் கட்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தண்டவாளம் அலுமினியம். பத்தடித் தண்டவாளம் 40 பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் நீளும், எஃகைப் போல இரு மடங்கு. ஆகவே காலைக் குளிரில் போடும் இணைப்பில் அந்த இடைவெளியை விட்டுத்தான் இரு தண்டவாளங்களை இணைக்கும் பட்டையான ஃபிஷ்பிளேட்டின் போல்ட்டை முடுக்க வேண்டும். இல்லையெனில் ஆகஸ்டு வெயிலில் பாதை பாம்பாக நெளிந்துவிடும். அந்த வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்தும் அளவை ஒரு மூத்த உறுப்பினர் மட்டப் பலகையை வைத்து ஒவ்வொரு நான்கு அடிக்கும் சொல்லச் சொல்ல, இளையவர்கள் ஜல்லியைக் குத்தி அடைத்தார்கள். மூன்று பெட்டிகளோடு நான் அதன் மேல் மெல்ல ஓட்டிப் பார்த்தேன். எஞ்சின் ஏற்றத்தில் அழுத்தம் இழக்கவில்லை. புகைபோக்கியிலிருந்து வரும் நீராவியின் துடிப்பொலி ஒவ்வொன்றும் சம இடைவெளியில் கேட்டது. ஓட்டத்துக்கு நீராவியைப் பங்கிடும் வால்வுகளை நான் தொடவே இல்லை, அதற்கான பெருமை முதலில் கட்டியவருக்கே சேரும்.

ஓட்டம் முடிந்ததும் நெருப்பைக் கொட்டாமல் தானே தணியவிட்டு, புகைபோக்கியின் வாயை மூடி, கொதிகலனை இரவு முழுவதும் ஆறவிட்டேன். மறுநாள் நெருப்பறைத் தகட்டைப் பார்த்தபோது 16 குழாய் வாய்களும் உலர்ந்த கரியாக இருந்தன, எங்கும் வெள்ளைத் தடம் இல்லை. குழாயின் வகை, சுவர்த் தடிமன், விரித்த அளவு, சோதனை அழுத்தம், ஆய்வாளர் கையெழுத்து எல்லாவற்றையும் எஞ்சினோடு வந்த பழைய பதிவேட்டிலேயே, முதல் உரிமையாளரின் கடைசிக் குறிப்புக்குக் கீழே எழுதினேன். இனி மென்னீர் மட்டுமே ஊற்றுவது என்றும், ஓட்டிய ஒவ்வொரு நாளின் முடிவிலும் அடிவால்வைத் திறந்து கசடை வெளியேற்றுவது என்றும் அதிலேயே குறித்திருக்கிறேன். அச்சுப் பம்பு வேலை செய்கிறது என்றாலும், எஞ்சின் நிற்கும்போது அதன் தடுப்பு வால்வு வழியாகக் கொதிநீர் மெல்லப் பின்வாங்கி நீர்த்தொட்டியைச் சூடாக்குகிறது. தொட்டி நீர் சூடானால் இன்ஜெக்டர் பிடிக்காது. வால்வின் இருக்கையைத் தேய்த்துச் சமன் செய்து புது ஸ்டெயின்லெஸ் உருண்டை போடுவதுதான் அடுத்த வேலை.